41 வயதில் இடுப்பு மூட்டு மாற்று: செராமிக் எத்தனை வருடம் தாங்கும்?

கடைக்காரர், திருச்சி:
வணக்கம். ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டதில் எனக்கு ஏவிஎன் (ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவது) வந்து, வலது இடுப்பின் பந்து நசுங்கிவிட்டது. மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். பந்தும், அது சுழல்கிற கிண்ணத்தின் உள் உறையான லைனரும் செராமிக்கா, அல்லது பந்து மட்டும் செராமிக், லைனர் பாலியா (பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) என்று என்னையே முடிவு செய்யச் சொல்கிறார். முதலாவதற்குப் பணம் கூட. ஆஸ்பத்திரியில் ஒருவர் "செராமிக் ஆயுசுக்கும் வரும்" என்கிறார். மச்சானோ, "பீங்கான்தானே, உடைஞ்சிடும், கத்தவும் செய்யும்" என்கிறான். ஹார்டுவேர் கடை, ஏணி ஏறி இறங்குவதே பிழைப்பு. போட்டு 15 வருடம் தாண்டியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பி.டி. வாத்தியார், ஈரோடு:
தம்பி, எனக்கும் ஏவிஎன்தான், இடது பக்கம். 2006இல் இரண்டுமே செராமிக்காகப் போட்டார்கள். ரிட்டயர்டு ஆகும்வரை விசிலும் கையுமாக கிரவுண்டில்தான் நின்றேன்.

சத்தம் உண்மை, எனக்கே வருகிறது. நடக்கும்போது இல்லை. தாழ்வான நாற்காலியிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது துருப்பிடித்த கேட் திறக்கிற மாதிரி ஒரு கிரீச். பிரேயரில் முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வலி துளியும் கிடையாது. கிண்ணம் கொஞ்சம் செங்குத்தாக உட்கார்ந்திருப்பதால் பந்து விளிம்பில் உரசுகிறது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். பொருளில் குறையில்லை, பொருத்திய கோணத்தில்தான்.

உடைவது பற்றி. எனக்குப் போட்டது பழைய வகை செராமிக், வெறும் அலுமினா. இப்போது வருவது சிர்கோனியா கலந்த டெல்டா என்ற இளஞ்சிவப்பு செராமிக். பிரிட்டனின் மூட்டு மாற்று ஆபரேஷன் பதிவேட்டை வைத்து 2017இல் வந்த கணக்கில், பழைய பந்துகளில் ஆயிரத்துக்கு ஒன்று சொச்சம் உடைந்திருக்கிறது. டெல்டா பந்தில் பத்தாயிரத்துக்கு ஒன்றுதான். ஆனால் செராமிக் லைனர் உடைவது அப்படிக் குறையவில்லை, இன்னும் ஆயிரத்துக்கு ஒன்று சொச்சம்தான். அது கிண்ணத்துக்குள் நேராக உட்காராமல் போனாலும் உடையும். இங்கேயும் கை வேலைதான் பேசுகிறது.

"ஆயுசுக்கும்" என்பதை மட்டும் நம்பாதே. செராமிக் அவ்வளவாகத் தேயாது, சரி. அதைப் பிடித்திருக்கும் எலும்பு? கிண்ணமோ, தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டான ஸ்டெம்மோ தளரலாம், பந்து நழுவலாம், சீழ் பிடிக்கலாம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மூட்டு மாற்றிய ஆண்களில் 100க்கு 35 பேர் வரை வாழ்நாளில் இன்னொரு ஆபரேஷனுக்குப் போக நேரிடலாம் என்று பிரிட்டனில் கணக்கிட்டிருக்கிறார்கள். உனக்கு 41. பணத்தைப் பொருளில் கொட்டுவதை விட, இந்த ஆபரேஷனையே வாரம் தவறாமல் செய்கிற டாக்டரைத் தேடு.

தியேட்டர் நர்ஸ், மதுரை:
வாத்தியார் சார் சொல்லாத ஒன்று. செராமிக் உடைந்தால் மறுபடி மெட்டல் பந்து போடக்கூடாது; உள்ளே தங்கிய துகள்கள் அதை அரம் போட்டு அராவிவிடும். திரும்ப செராமிக்கே போடுவார்கள். அப்போது உள்ளிருக்கும் ஸ்டெம் எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் ஸ்டிக்கர் வரும். அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டச் சொல்லி வாங்கி, போட்டோவும் எடுத்து வையுங்கள். வேறு ஊரிலிருந்து ரிவிஷனுக்கு (மறு ஆபரேஷனுக்கு) வருபவர்களில் பாதிப் பேர் கையில் அது இருப்பதில்லை.

அப்பாவின் மகள், நாகர்கோவில்:
என் அப்பாவுக்கு செராமிக் பந்து, தேய்மானம் குறைய கெட்டிப்படுத்திய கிராஸ்லிங்க்டு பாலி லைனர். பழைய பாலி தேய்ந்து, அந்தத் துகளால் எலும்பு அரிக்கும் என்பார்களே, இந்த வகையில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. சத்தம் கிடையாது, லைனர் நொறுங்கும் பயமும் இல்லை. விலை இடித்தால் இதுவே போதும் அண்ணா. சாதா பாலியா கிராஸ்லிங்க்டா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

கடைக்காரர், திருச்சி:
ரொம்ப நன்றி. வாத்தியார் சார், ஏணி ஏறலாமா? சம்மணம் போடலாமா?

பி.டி. வாத்தியார், ஈரோடு:
ஏணி ஏறுகிறேன், ஆனால் கையில் சுமை வைத்துக்கொள்வதில்லை. கடைப்பையனை மேலே ஏற்றிவிட்டு நீ கீழே நின்று வாங்கிக்கொள். சம்மணத்துக்கு உன் டாக்டர் சொல்வதுதான் கணக்கு, எனக்கு வேண்டாம் என்று விட்டார்கள். அப்புறம், அட்மிட் ஆவதற்கு முன்பே வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் போட்டு, பக்கத்தில் சுவரில் கைப்பிடியும் அடித்துவிடு. உன் கடையிலேயே இருக்குமே.