டெஸ்ட்டாஃப் தேர்வில் ஒரு பிரிவில் மட்டும் 3: விண்ணப்பிக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில், ஜெர்மன் மொழிவழி முதுநிலைப் படிப்புக்கு என் தங்கை விண்ணப்பிக்கிறாள். அதற்குத் தேவையான டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் மொழித் தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல் மூன்றிலும் நிலை 4 வந்துவிட்டது. பேசுவதில் மட்டும் 3. (வீட்டில் அவளை நிறுத்த முடியாது என்பது வேறு விஷயம்.)

பொதுவாக நான்கு பிரிவுகளிலும் 4 கேட்கிறார்கள். ஒன்றில் 3 இருந்தும் இடம் கிடைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எந்தத் துறை? நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டு, அங்கே போனபின் டி.எஸ்.எச். என்ற இன்னொரு ஜெர்மன் மொழித் தேர்வை எழுதச் சொன்னார்களா? அதைப் பல்கலைக்கழகங்களே நடத்துவதால்தான் கேட்கிறேன்.

டெஸ்ட்டாஃபில் பேச்சுப் பிரிவை மட்டும் தனியாக எழுத முடியாது. முழுத் தேர்வையும், முழுக் கட்டணத்தோடு, மறுபடி எழுத வேண்டும். குளிர்காலப் பருவத்துக்குப் பல படிப்புகளில் ஜூலை 15 கடைசி நாள். முகவர்களின் எண்கள் வேண்டாம், சொந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.