புதுப்பிப்பு: 'கு', 'மு' உடைந்து தெரிந்த சிக்கல் தீர்ந்தது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: எங்கள் தமிழ்-ஆங்கிலத் தளத்தில் ஆங்கிலம் அழகாக வருகிறது, தமிழில் மட்டும் 'கு', 'மு' எல்லாம் க, ம தனியாகவும் உகரக் குறி தனியாகவும் பிரிந்து தெரிகின்றன என்று. காரணம் கிடைத்துவிட்டது.

பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் (CSS) குறிமுறையில் தவறே இல்லை. கோப்பின் அளவைக் குறைக்க எழுத்துருவைச் சுருக்கியபோது எழுத்துருவுக்குள் இருக்கும் ஜிசப் (GSUB) என்ற வடிவ மாற்ற அட்டவணையையும் சேர்த்து நீக்கியிருக்கிறோம். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் 'கு'வுக்குத் தனி எண் கிடையாது. க, உகரக் குறி என இரண்டு எண்கள்தான். அவற்றைச் சேர்த்து ஒரே வடிவமாக்கச் சொல்வது அந்த அட்டவணை. அது போனால் சேர்ந்த வடிவமும் போய்விடும். ஆங்கிலத்துக்கு அது பெரிதாகத் தேவைப்படாததால் யார் கண்ணிலும் படவில்லை. தமிழைத் தமிழ் படிப்பவர்தான் சோதிக்க வேண்டும், தயவுசெய்து!

அட்டவணையோடு மறுபடி சுருக்கி ஏற்றினேன். அப்போதும் பழையபடியே தெரிந்தது. உலாவி பழைய கோப்பையே சேமித்து வைத்திருந்தது. கோப்பின் பெயரை மாற்றியதும் சரியானது.

தலைப்புகள் மங்கலாகத் தெரிந்தது வேறு விஷயம். எழுத்துருவின் 400 எடைக் (சாதாரணத் தடிமன்) கோப்பு மட்டுமே இருந்ததால் உலாவியே செயற்கையாகத் தடிப்பாக்கி, சுழிகளை அடைத்துவிட்டது. 700 எடைக் (தடித்த எழுத்து) கோப்பையும் சேர்த்துவிட்டேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.