ஆதாரோட பேர் பொருந்தலைன்னா பிள்ளை கணக்குல இல்லையா?

தாராவி டீச்சர்:
எங்க தமிழ்வழிப் பள்ளியில 1 முதல் 5 வரை 64 பிள்ளைங்க. அதுல ஆறு பேருக்கு ஆதார் பேரும் ரெஜிஸ்டர் பேரும் பொருந்தலை. நம்ம வழக்கம் பேருக்கு முன்னாடி இனிஷியல் ஒண்ணுதான். இங்க குடும்பப் பேருக்குத் தனிக் கட்டம் இருக்கு. சாதிப் பேர் எழுத மனசில்லாம சிலர் அப்பா பேரைப் போட்டாங்க, சிலர் தாத்தா பேரை. ஆதார்ல வேற மாதிரி இருக்கு. மகாராஷ்டிராவுல ஆதார் சரியான பிள்ளைங்களை வச்சுத்தான் ஆசிரியர் பணியிடம் ஒதுக்குறாங்க. இது நியாயமா?

சயான் வாசகன்:
டீச்சர், கோச்சுக்காதீங்க. யுடைஸ்ல, அதான் நாடு முழுக்கப் பள்ளி விவரம் சேர்க்கிற மத்திய அரசோட கம்ப்யூட்டர் பதிவுல, முன்னாடி பள்ளிக்கு இத்தனை பேர்னு மொத்தக் கணக்குத்தான் போகும். 2022-23ல இருந்துதான் பிள்ளைவாரியா வாங்குறாங்க. ஒரே பிள்ளைக்கு ரெண்டு பள்ளியில பேர் இருந்தா இப்பத் தெரிஞ்சிடும். இல்லாத பிள்ளை பேர்ல போற மதியச் சாப்பாடு இருக்கிற பிள்ளையோட பங்குதானே? ஆதார் இல்லாம இதை எப்படிப் பிடிப்பீங்க?

நெல்லைக்காரி:
என் மகளை ஊர்ல இருந்து கூட்டிட்டு வந்து சேர்த்தோம். டி.சி. கையில இருக்கு, ஆனா பழைய பள்ளி அவ பேரை யுடைஸ்ல ட்ராப்பாக்ஸ்ல, அதான் பள்ளி மாறுற பிள்ளைங்க பட்டியல்ல, விடவே இல்லை. போன் போட்டுப் போட்டு மூணு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் கம்ப்யூட்டர்ல அவ ஊர்லதான் படிச்சா. வகுப்புல தினமும் உட்கார்ந்திருந்தவ!

சயான் வாசகன்:
அக்கா, அது அந்தப் பள்ளி செஞ்ச தப்பு. முறையைக் குறை சொல்லக் கூடாது.

தாராவி டீச்சர்:
தப்பு யாருதா இருந்தாலும் அடி பிள்ளைக்குத்தான் விழுது, தம்பி. கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 60 பேர் வரைக்கும் ரெண்டு ஆசிரியர், 61 ஆனா மூணு. எங்க 64ல ஆறு பேரைக் கழிச்சா 58. ஒரு டீச்சர் போயிடுவாங்க, மிச்ச ரெண்டு பேர் அஞ்சு வகுப்பைப் பார்க்கணும். பள்ளியில சேர்க்க ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2018லயே சொல்லியிருக்கு. சேர்த்த பிள்ளையை எண்ண மட்டும் அது வேணுமா?

சயான் வாசகன்:
இந்த 58 கணக்கை நான் யோசிக்கலை. எண்ணிக்கையில சேர்க்கட்டும், ஒத்துக்கிறேன். ஆனா திருத்தக் கெடு வைக்கணும். கெடு இல்லைன்னா யாரும் திருத்த மாட்டாங்க.

தாராவி டீச்சர்:
கெடு வைங்க, வேண்டாங்கலை. தினக்கூலிக்குப் போறவங்க ஆதார் மையத்துல நிக்க ஒரு நாள் சம்பளத்தை விடணுமே. மையத்தைப் பள்ளிக்கே ஒரு ஞாயித்துக்கிழமை அனுப்பட்டும். செப்டம்பர் 30 அன்னிக்குப் பிள்ளைங்களை எண்ணுற கணக்குக்குள்ள ஆறு பேரையும் நானே வரிசையில நிறுத்துறேன்.