குழாய்க்கு நிறம் அடித்தால் போதுமா, பெயரும் எழுத வேண்டுமா?

வால்வுமணி:
எங்கள் ஆலையில் குழாய்களுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கப் போகிறோம். முழுக் குழாய்க்கும் அதற்குரிய நிறத்தை அடித்துவிட்டால் போதும், ஸ்டிக்கர் தேவையில்லை என்பது என் கருத்து. கசிவு என்று பதறி ஓடி வருகிறவர் எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டார். நீலம் காற்று, பச்சை தண்ணீர். தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

இரவுப்பணி:
எந்தத் தண்ணீர் அண்ணா? குழாய் அடையாளத்துக்கான அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.எம்.இ. ஏ13.1-இன்படி குடிநீர், கூலிங் வாட்டர், பாய்லருக்குப் போகும் நீர் எல்லாமே பச்சைதான். மருந்து கலந்த கூலிங் லைனில் ஒருவர் குடிக்க பாட்டிலைப் பிடித்தார்; நான்தான் ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பச்சைக் குழாய், ஒன்றிலும் பெயர் இல்லை. அவர்மேல் என்ன தப்பு?

வால்வுமணி:
அது பயிற்சிக் குறை தம்பி. சேருகிற அன்றே நிற அட்டவணையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஸ்டீம் லைனில் ஸ்டிக்கர் எத்தனை நாள் நிற்கும்? சூட்டில் ஓரம் சுருண்டு பாதிப் பெயர் உதிர்ந்துவிடும். அரைகுறைப் பெயர் இன்னும் ஆபத்து.

ஒப்பந்த ஃபிட்டர்:
அட்டவணை உங்கள் ஆட்களுக்குச் சரி. நான் ஆலை ஆலையாகப் போகிறவன். ஏ13.1-இல் ஆரஞ்சு என்றால் நச்சு, அரிக்கும் திரவம். பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 1710-இல் அதே ஆரஞ்சு மின்சார லைன், அமிலத்துக்கு ஊதா. பழைய இடத்தில் பழகிய கண்ணோடுதான் புது இடத்தில் ஃபிளாஞ்சை, அதாவது குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையத்தை, கழற்றுகிறோம். பெயர் இல்லாத குழாயில் நான் ஸ்பேனரை வைப்பதில்லை.

இரவுப்பணி:
சோடியம் விளக்கு எரியும் இடத்தில் ராத்திரி நின்று பாருங்கள் அண்ணா. பச்சையும் பழுப்பும் ஒரே மங்கலாகத் தெரியும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் ஷிஃப்டில் இருந்தால் பகலிலும் அதே கதிதான். கறுப்பு, வெள்ளை எழுத்து அவர்களுக்கும் தெரியும். சூடான லைனுக்கு ஸ்டிக்கர் வேண்டாம், ஸ்டென்சில் வைத்து பெயின்டால் எழுதலாம்.

வால்வுமணி:
ஸ்டென்சில் என்றால் ஒப்புக்கொள்கிறேன். வால்வு, திருப்பம், சுவரைத் தாண்டும் இடத்தின் இரு பக்கமும் பெயரும் அம்புக்குறியும் போடலாம். ஆனால் முழு நிறத்தை விடமாட்டேன். குழாய்களைத் தாங்கும் பைப் ரேக்கில் இருபது லைன் ஒன்றாக ஓடும்போது, ஒன்றைக் கண்ணால் தொடர்ந்து போக நிறம்தான் கைகொடுக்கும்.

ஒப்பந்த ஃபிட்டர்:
முழு நிறமோ, அங்கங்கே நிறப் பட்டையோ, உங்கள் விருப்பம். தலைக்கு மேலே போகும் குழாயில் மட்டும் பெயரை அடிப்பக்கமாக எழுதச் சொல்லுங்கள். ஓரிடத்தில் மேல்பக்கம் எழுதியிருந்தார்கள். ஏணி போட்டு ஏறித்தான் படித்தேன். வாயு கசியும்போது ஏணிக்கு எங்கே போவது?