ஜெனிவீவ் (1953): பார்க்கும் முன் தெரிந்துகொண்டால் கூடுதலாக ரசிக்கலாம்

இந்தப் பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்தின் களமான லண்டன்-பிரைட்டன் பழங்கார் ஓட்டம் பந்தயமே இல்லை. வண்டிகளுக்கான வேக வரம்பை மணிக்கு 14 மைலாக உயர்த்திய சட்டத்தைக் கொண்டாடி 1896 நவம்பர் 14-ல் கிளம்பிய ஊர்வலத்தின் நினைவு அது. முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது, ஊர் போய்ச் சேர்ந்தாலே பெருமை. அதனால்தான் திரும்பும் வழிக்குப் படத்தின் நாயகன் ஆலனும் நண்பன் ஆம்புரோஸும் கட்டும் 100 பவுண்டு பந்தயம் அத்தனை அடாவடியாகத் தெரிகிறது. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை முதலில் தொடுகிறவருக்குப் பணம். ஆலனின் மனைவி வெண்டியோடு ஆம்புரோஸுக்கு இருந்த பழைய பழக்கம்தான் இந்த வீம்புக்கு எண்ணெய் ஊற்றுகிறது.

*

வண்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெனிவீவ் என்பது ஆலனின் காருடைய செல்லப்பெயர்; 1904-ம் ஆண்டு டராக் கம்பெனி வண்டி, இரண்டே சிலிண்டர். ஆம்புரோஸின் ஸ்பைக்கர் கார் 1905-ம் ஆண்டுது, நான்கு சிலிண்டர். ஓட்டத்தில் கலந்துகொள்ள 1905-க்கு முன் செய்த வண்டியாக இருக்க வேண்டும் என்பது விதி. கண்டிப்பாகப் பார்த்தால் ஸ்பைக்கருக்கு இடமே இல்லை!

அந்தக் காலத்து வண்டிகளை முன்பக்கக் கைப்பிடியான கிராங்கைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். முதலில் தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் லீவரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். மறந்தால் பிஸ்டன் மேலே வருமுன்பே வெடித்து, கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைக்கும், மணிக்கட்டு போய்விடும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்து, கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுப்பதுதான் முறை. பிரேக்கும் பின்சக்கரத்துக்கு மட்டும்தான், சரிவில் நம்ப முடியாது.

*

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். மேலே சொன்ன பிரேக்தான் கடைசியில் கைகொடுக்கிறது. பாலத்துக்குச் சில கஜம் முன்னால் ஜெனிவீவ் நின்றுபோகிறது. முந்த வரும் ஸ்பைக்கரின் சக்கரம் டிராம் தண்டவாளப் பள்ளத்தில் மாட்டி, தண்டவாளம் போகிற பக்கமே வண்டியும் போய்விடுகிறது. ஒல்லி டயர் தண்டவாளத்தைக் குறுக்காகத் தாண்டினால் தப்பிக்கும். ஒட்டிப் போனால் பள்ளம் பிடித்துக்கொள்ளும். லண்டனில் டிராம் ஓட்டம் 1952 ஜூலையில்தான் நின்றது. படப்பிடிப்பு நடந்தது அதை அடுத்து வந்த குளிர்காலத்தில், அதனால் தண்டவாளம் இன்னும் சாலையில் இருந்தது. பிறகு ஜெனிவீவின் பிரேக் விட்டுப்போய், வண்டி தானாக உருண்டு பாலத்தில் ஏறுகிறது. நகைச்சுவைக்காக ஒட்டவைத்த தற்செயல் இல்லை இது, அந்த வண்டிகளின் சுபாவம். இயக்குநர் ஹென்றி கார்னீலியஸும் எழுதிய வில்லியம் ரோஸும் அதைக் கச்சிதமாகப் பிடித்திருக்கிறார்கள்.

*

இசையையும் விட்டுவிட முடியாது! படம் முழுக்க, இசையமைத்த லாரி ஆட்லரின் மவுத் ஆர்கன். கம்யூனிஸ்ட் சந்தேகத்தில் அமெரிக்காவில் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் அங்கே போன பிரதிகளில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆஸ்கர் பரிந்துரை இசை நடத்துநர் மியூர் மேத்திசன் பெயருக்குப் போனது. பெரிய அநியாயம். பிரைட்டன் ஓட்டலில் ஆம்புரோஸின் தோழியாக வரும் நடிகை கே கெண்டல் போதையில் டிரம்பெட் வாசிக்கும் காட்சியில் கேட்பது டிரம்பெட் கலைஞர் கென்னி பேக்கரின் வாசிப்பு. கெண்டலின் கன்னத்தையும் தோளையும் பாருங்கள், ஒலியோடு அவ்வளவு ஒத்துப்போகும். வாசித்து முடித்த கையோடு மயங்கிச் சாய்வார்.