தோட்டத்து ஹாட் டப்புக்கு பிளக் பாயிண்ட் போதுமா?

கேள்வி: மெயின் போர்டிலிருந்து ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) வைக்கும் இடம் 25 மீட்டர். ஹீட்டர் 3 கிலோவாட், பம்புகள் 2 கிலோவாட், 230 வோல்ட். வெளிச்சுவரில் ஏற்கெனவே இருக்கும் பிளக் பாயிண்டிலிருந்தே எடுக்கலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். மொத்தம் 5 கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட 22 ஆம்ப், அதுவும் மணிக்கணக்கில் ஓடும், பிளக் சூடாகி உருகிவிடும். போர்டிலிருந்து தனி சர்க்யூட், 32 ஆம்ப் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள். 4 கூடத் தாங்கலாம், ஆனால் இவ்வளவு தூரத்தில் வோல்டேஜ் இறங்கும் என்பதால் 6 தான் நிம்மதி.

பதில் 2: மண்ணுக்கடியில் போனால் உலோகக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிள்தான், நல்ல ஆழத்தில், மேலே எச்சரிக்கை டேப்போடு. அப்புறம் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம். எம்சிபி கேபிளைத்தான் காக்கும், தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் ஆளைக் காக்காது. ஈர உடம்பில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாயும் என்று தெரிந்தும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து நீங்கள் விடாதீர்கள்.

கேட்டவர்: சரி, ஐசோலேட்டர் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) தொட்டி பக்கத்திலேயே இருக்கலாமா?

பதில் 2: உள்ளே இருப்பவர் கைக்கு எட்டக் கூடாது. 2 மீட்டராவது தள்ளி, ஆனால் கண்ணில் படும்படி, மழை தாங்கும் பெட்டியில் வையுங்கள். இணைப்பையும் எர்த் சோதனையையும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனே செய்யட்டும்.