ஐப்பசி மழைக்கு முன் கோழிக்கொட்டகையை முழுசாகச் சுத்தம் செய்யும் முறை: பிளீச்சிங் முதலிலா, சுண்ணாம்பு முதலிலா?

கொல்லைப்புறம்:

வணக்கம். பத்துக்கு ஆறடி கொட்டகை. சுற்றிலும் இரண்டடி செங்கல் சுவர், அதற்கு மேல் கம்பிவலை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமென்ட் தரை. 22 நாட்டுக்கோழி, 2 சேவல். கீழே உமி. மாசியில் போட்டது, அதன் மேலேயே அவ்வப்போது சேர்த்து இப்போது நாலு விரற்கடைக்கு மேல் இறுகிக் கிடக்கிறது. உட்காரும் கழிகளும் முட்டைப் பெட்டிகளும் மரம்.

காலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிறது. பொழுது சாய்ந்தால் கோழிகள் உள்ளே போகாமல் முருங்கை மரத்தில் ஏறுகின்றன. முட்டை ஓட்டில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். இரண்டு மூன்று கோழிகளுக்குக் கொண்டை வெளுத்திருக்கிறது. மழை பிடிப்பதற்குள் சுத்தம் செய்துவிட வேண்டும். எந்த வரிசையில் செய்வது? பழைய உமியை அப்படியே கத்தரிக்குப் போடலாமா? கோழிகளை எத்தனை நாள் வெளியில் வைக்க வேண்டும்?

மேய்ச்சல்தரை:

நீங்கள் சொன்னதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. கண் எரிச்சல் அமோனியா. அது உமியில் உள்ள ஈரத்தால் வருவது. கொட்டகைக்குள் போக மறுப்பது, ஓட்டில் ரத்தப் புள்ளி, வெளுத்த கொண்டை மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் செள்ளு, அதாவது கோழியைக் கடிக்கும் பொடி உண்ணி. உமியை மாற்றினால் முதல் கோளாறு தீரும், செள்ளு தீராது. அது பகலில் கழியின் பிளவிலும், கழி சுவரில் செருகும் துளையிலும், முட்டைப் பெட்டியின் மூலையிலும் ஒளிந்துகொண்டு ராத்திரியில் இறங்கி ரத்தம் குடிக்கிறது. இரை இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே கோழிகளை இரண்டு வாரம் வெளியே வைத்துப் பட்டினி போட்டுக் கொல்லலாம் என்று நினைக்க வேண்டாம்.

இருட்டிய பிறகு இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு வெள்ளைத் துணியைக் கழியின் அடிப்பக்கமாக அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் செள்ளுதான்.

தொடர்ந்து மூன்று நாள் வெயில் அடிக்கும் என்று தெரியும்போது தொடங்குங்கள். புரட்டாசிதான் சரியான காலம். அடைமழை தொடங்கிய பிறகு செய்தால் சிமென்ட் தரை காயாது. காயாவிட்டால் செய்த வேலை வீண்.

காலையில் கோழிகளைத் திறந்துவிட்டதும் கழி, பெட்டி, தீனித்தட்டு, தண்ணீர்க் குவளை எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிடுங்கள். உமி மேல் தூசி அடங்கும் அளவுக்குத் தண்ணீர் தெளித்து, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு வாரி எடுங்கள். காய்ந்த எச்சத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், துணி கட்டினால் போதாது. இறுகிய அடுக்கை மண்வெட்டியால் பெயர்த்த பின், ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டியால் உலர்வாகவே எடுங்கள். பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டுக் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். எச்சம் குழைந்து சேறாகித் தரையின் சொரசொரப்பில் படிந்துவிடும். பிறகு எந்த மருந்தும் அதைத் தாண்டிப் போகாது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அந்த நார் மூச்சில் போவது ஆபத்து. ஒட்டடையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

அதன் பிறகு சோப்புத்தூள் கரைத்த தண்ணீர், கட்டைத் துடைப்பம். மேலிருந்து கீழே, உள்ளிருந்து வாசல் பக்கம். நன்றாக அலசி ஒரு நாள் காயவிடுங்கள்.

அடுத்து பிளீச்சிங். உங்கள் தரைக்கும் சுவருக்கும் 10 லிட்டர் போதும். லிட்டருக்கு 30 கிராம் வீதம் 300 கிராம் பவுடர். கரைத்துத் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். அரை மணி நேரம் ஈரமாக நிற்க வேண்டும், பிறகு அலசுங்கள். கம்பிவலையில் பட்டால் உடனே கழுவுங்கள், துரு ஏறிவிடும். பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும். பையைத் திறந்ததும் மூக்கில் ஏறவில்லை என்றால் வாங்க வேண்டாம். எச்சம் கிடக்கும் இடத்தில் பிளீச்சிங் ஊற்றினாலும், கழிப்பறை ஆசிட்டோடு கலந்தாலும் விஷப்புகை வரும்.

சுண்ணாம்பு கடைசியில்தான். சுண்ணாம்பு அடித்த சுவரில் பிளீச்சிங் அடித்தால் சுண்ணாம்பின் காரத்தில் பிளீச்சிங்கில் உள்ள குளோரின் மந்தமாகிவிடும்.

கால்நடைத்துணை:

மேலே சொன்ன வரிசை சரி. ஒன்று சேர்க்கிறேன். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் முட்டையை பிளீச்சிங் கொல்லாது, பினாயிலும் கொல்லாது. ஈரமும் வெதுவெதுப்பும் இருக்கிற கூளத்தில் அது ஒன்றிரண்டு நாளில் நோய் தரும் நிலைக்கு வந்துவிடுகிறது. அதற்கு எதிரி சூடும் உலர்வும்தான். சிமென்ட் தரை என்பதால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றலாம், அல்லது நாமக்கல் பண்ணைகளில் பயன்படுத்துவது போல ஃப்ளேம் கன் வைத்துத் தரையையும் வலையையும் மெதுவாகச் சூடு காட்டலாம். ஓலை, மரம், தார்ப்பாய் பக்கத்தில் இருந்தால் நெருப்பு வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் வெடிக்கும், கூரை பக்கமும் போக வேண்டாம்.

அடுத்தது கோழிகள். இங்கே செள்ளு என்பது சிற்றுண்ணியாகவும் இருக்கலாம், கோழி உண்ணியாகவும் இருக்கலாம். உண்ணியின் குஞ்சுகள் இறக்கைக்கு அடியில் பல நாள் ஒட்டிக்கொண்டே இருக்கும். கொட்டகையைப் பளிச்சென்று ஆக்கிவிட்டு அதே கோழிகளை அப்படியே உள்ளே விட்டால், உண்ணியை நீங்களே குடியேற்றுகிறீர்கள். இறக்கையை விரித்துப் பாருங்கள். கடுகு போலக் கருஞ்சிவப்பாக ஒட்டியிருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டி மருந்தும் அளவும் கேட்டு வாங்குங்கள். டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகளைக் கண்ணளவில் கலக்கக் கூடாது. எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மருந்தும் செள்ளின் முட்டையை முழுதாகக் கொல்வதில்லை. சூட்டுக் காலத்தில் ஒரு வாரத்தில் முட்டை வளர்ந்து பெரிதாகிவிடும். அதனால் 7 முதல் 10 நாளுக்குள் இரண்டாவது முறை கட்டாயம். செள்ளு போகவே மாட்டேன் என்கிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது முறையைத் தவறவிட்டவர்கள்.

கொல்லைப்புறம்:

நன்றி ஐயா. கழிகளுக்கு மண்ணெண்ணெய் தடவலாம் என்கிறார்கள். சுண்ணாம்பு எவ்வளவு? கல் சுண்ணாம்பா, கடையில் விற்கும் பொடியா?

மேய்ச்சல்தரை:

மண்ணெண்ணெய் செள்ளைக் கொல்லும். ஆனால் வாடை முழுதும் போகும் வரை கழியை வெயிலிலேயே போட வேண்டும், கோழியின் காலிலும் தோலிலும் பட்டால் புண்ணாகும். முதலில் கழிகளின் பிளவுகளில் கொதிநீர் ஊற்றி, வெயிலில் ஒரு நாள் காயவைத்து, பிறகு வேப்பெண்ணெய் தடவுங்கள்: லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி எண்ணெய், 5 கிராம் காதி சோப்பு. சோப்பை முதலில் கரைத்தால்தான் எண்ணெய் கலக்கும். பட்டை உரிக்காத கழி என்றால் பட்டையை உரித்துவிடுங்கள், அதுதான் செள்ளுக்குக் கோட்டை. சுவர்த் துளைகளைச் சிமென்ட் பூசி அடைத்துவிட்டு, கழியை இரண்டு இரும்புக் கொக்கிகளில் தொங்கும்படி மாற்றினால் இனி கழற்றிக் கழுவ ஐந்து நிமிடம் போதும்.

சுண்ணாம்பு கல்லாக வாங்கினால் வீரியம் அதிகம். 3 கிலோ கல்லுக்கு 12 லிட்டர் தண்ணீர். தண்ணீரில் கல்லைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், கல் மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். கொதித்து எழும் என்பதால் இரும்பு டிரம் அல்லது சிமென்ட் தொட்டி; பிளாஸ்டிக் உருகும், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொட வேண்டாம், கண்ணில் பட்டால் பார்வை போகும். ராத்திரி முழுக்க ஆறவிட்டு வடிகட்டி, சுவரில் ஒட்டுவதற்கு 300 கிராம் கல்லுப்பு கலந்து இரண்டு முறை அடியுங்கள். முதல் பூச்சு காய்ந்த பிறகுதான் இரண்டாவது. வெடிப்பிலும் மூலையிலும் தூரிகையைக் குத்திக் குத்தி அடிக்க வேண்டும். உப்பு வலையில் படாமல் பாருங்கள்.

சுண்ணாம்பு எலும்புபோல் வறண்ட பிறகு இரண்டு நாள் கழித்துக் கோழிகளை விடலாம். அதுவரை ராத்திரிக்குப் பஞ்சாரம் போட்டுத் தார்ப்பாய் மூடிக் காற்றுக்கு இடம் விடுங்கள். மரநாய் நடமாட்டம் உள்ள இடம் என்றால் பஞ்சாரத்தின் மேல் கல்லும் வையுங்கள்.

வயல்வரப்பு:

பழைய உமி பற்றி யாரும் சொல்லவில்லை. கத்தரிக்கு அப்படியே போட வேண்டாம், பச்சை எச்சம் வேரைக் கருக்கும். மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரக் குவியலாக, காய்ந்த இலையோடு மாற்றி மாற்றி அடுக்குங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. பத்து நாளைக்கு ஒரு முறை கிளறி, மழையில் நனையாமல் மூடி வையுங்கள். உமி மெதுவாகத்தான் மக்கும். மூன்று மாதமாவது விடுங்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் குவிக்காதீர்கள், ஈயும் செள்ளும் திரும்பி வரும்.

புது உமி மூன்று அங்குலம் போட உங்கள் தரைக்கு ஏறக்குறைய 40 கிலோ பிடிக்கும். பூஞ்சை வாடை அடிக்கும் உமி, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வாரம் இரண்டு முறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் சேர்ந்து உடனே உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. அப்போது அந்த இடத்தை வாரி எடுத்துவிட்டுப் புது உமி போடுங்கள். ஈரக் கூளத்தின் மேல் சுண்ணாம்புத்தூள் தூவுவது பரவலாக இருக்கிறது, அதனால் அமோனியா இன்னும் அதிகமாகக் கிளம்பும்.

வடகிழக்குப் பருவமழைச் சாரல் பெரும்பாலும் வடக்கு, கிழக்கு பக்கமாக அடிக்கும். அந்த இரண்டு பக்கத்துக்குத் தார்ப்பாய் கட்டும்போது கீழ் விளிம்பைச் சுவரோடு இறுக்கி மேலே இழுத்து, உச்சியில் ஓரடி இடைவெளி விடுங்கள். பலரும் மேலே ஆணியடித்துக் கீழே தொங்கவிடுகிறார்கள். அமோனியா மேலே எழும் காற்று, வழி இல்லாமல் உள்ளேயே நிற்கும். கூரையின் இறவானம் சுவரைத் தாண்டி மூன்றடி நீண்டிருந்தால் தார்ப்பாயே பெரிதாகத் தேவைப்படாது. தண்ணீர்க் குவளையை உமியில் வைக்காமல் ஒரு செங்கல் மேல், கோழியின் முதுகு உயரத்துக்கு வையுங்கள். ஈரத்தில் பாதி மழையால் வருவதில்லை, குவளை சிந்துவதால் வருவது.